ஆன்செலோட்டியின் சம்பளத்துக்கு வரி கட்டுவது யார்?

2025 ஏப்ரலில், வரி ஏய்ப்பு வழக்கில், மாட்ரிட் நீதிமன்றத்தில் கால்பந்து மேனேஜர் (அதாவது தலைமைக் கோச்) கார்லோ ஆன்செலோட்டி சொன்ன ஒரு பதில், அவர் தூக்கிய கோப்பைகளை விட எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ரியல் மாட்ரிட் கிளப்பில் முதல் முறை சேர்ந்தபோது போட்ட மூன்று வருட ஒப்பந்தத்தில் வருடத்துக்குக் கைக்கு 60 லட்சம் யூரோ வரவேண்டும், அது வந்ததா என்பதை மட்டும்தான் பார்த்தேன், மற்றதெல்லாம் சரியாக இருப்பதாகத்தான் நினைத்தேன் என்றார். சம்பளத்தில் ஒரு பங்கை இமேஜ் ரைட்ஸ் (பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் உரிமை) என்ற பெயரில் தரும் யோசனை கிளப்புடையது, ஆட்டக்காரர்களும் முந்தைய கோச்சும் அப்படித்தான் வாங்கினார்கள், அதனால் விசேஷமாக எதுவும் தோன்றவில்லை என்றும் சொன்னார். அந்த முந்தைய கோச் ஜோசே மொரீனியோ.

"கைக்கு 60 லட்சம்." எனக்கு விஷயமே இந்த மூன்று வார்த்தையில்தான் இருக்கிறது.

நாம் சம்பளம் பேசும்போது மொத்தத் தொகையைப் பேசுகிறோம். பிடித்தம் போக என்ன மிஞ்சுகிறது என்பது நம் தலைவலி. ஸ்பெயின், இத்தாலி மாதிரி நாடுகளில் பெரிய மேனேஜர்கள் தலைகீழாகப் பேசுவார்கள். கைக்கு இவ்வளவு வரவேண்டும், வரி எத்தனை சதவீதமானாலும் அதை மேலே போட்டுக் கொடுப்பது கிளப்பின் பாடு. அப்படியானால் வரி ஏறினாலும் இறங்கினாலும் மேனேஜரின் வீட்டு அடுப்பு ஒரே அளவில்தான் எரியும். ஏற்ற இறக்கம் கிளப்பின் கணக்கில் விழும், அங்கிருந்து டிக்கெட்டுக்கும் ஜெர்சிக்கும் வரும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ரசிகர்களின் சண்டையைக் கேட்டால் வேடிக்கையாக இருக்கும். ஒரு கட்சி, "இவ்வளவு சம்பாதிக்கிறவன் பாதியைக் கட்டினால் என்ன குறைந்துபோகும்?" என்கிறது. இன்னொரு கட்சி, "பாதியைப் பிடுங்கினால் நல்ல கோச் எவன் வருவான்?" என்கிறது. பணம் மேனேஜரின் பையிலிருந்து போகிறது என்றுதான் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, நம்மிடம் கேட்டால் என்ன சொல்வோம்? மேனேஜர் சம்பளத்துக்கு எப்படி வரி போடுவது நியாயம்? ஐரோப்பா மூன்று வழிகளைச் சோதித்துப் பார்த்துவிட்டது. வெளியிலிருந்து வருபவருக்குத் தள்ளுபடி கொடுப்பது ஸ்பெயின் வழி. ஆளை விட்டுவிட்டுக் கிளப்பிடம் கறப்பது பிரான்ஸ் வழி. எல்லோருக்கும் போடும் வரியையே இவருக்கும் போடுவது இங்கிலாந்து வழி. இந்த மூன்று நாட்டிலும், கூடவே இத்தாலியிலும் ஜெர்மனியிலும் லீக் பட்டம் வென்ற ஒரே மேனேஜர் ஆன்செலோட்டி. அதனால் அவருடைய 60 லட்சத்தையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன். இனி வருவது அவருடைய உண்மையான வரிக் கணக்கு இல்லை, நான் போட்ட தோராயக் கணக்கு.

முதலில் ஸ்பெயின். 2005-ல் அங்கே ஒரு விதி வந்தது. வேலைக்காக ஸ்பெயினுக்குக் குடிவருபவர் சில ஆண்டுகளுக்கு ஒரே சீராக 24 சதவீதம் கட்டினால் போதும். அப்போது உள்ளூர்க்காரருக்கு உச்ச விகிதம் 45. விஞ்ஞானிகளையும் பெரிய நிர்வாகிகளையும் இழுப்பதற்காகக் கொண்டுவந்தது என்றார்கள். முதலில் பலன் பெற்றவர்களில் ஒருவர் ரியல் மாட்ரிட் ஆட்டக்காரர் டேவிட் பெக்கம் என்பதால் அது பெக்கம் சட்டம் என்றே ஆகிவிட்டது.

கணக்கைப் பாருங்கள். கைக்கு 60 லட்சம் வர, 24 சதவீத வரியில் கிளப் சுமார் 79 லட்சம் கொடுத்தால் போதும். 45 சதவீதத்தில் சுமார் 1 கோடியே 9 லட்சம் கொடுக்க வேண்டும். வித்தியாசம் 30 லட்சம் யூரோ. அந்த 30 லட்சம் மேனேஜருக்குப் போகவில்லை, அவருக்கு இரண்டிலும் அதே 60தான். மிச்சம் பிடித்தது கிளப். அதாவது மருத்துவமனைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகவேண்டிய பணத்தில் ஒரு பங்கை எடுத்து அரசே கிளப்புக்குக் கொடுத்த மாதிரி. பெக்கம் சட்டம் என்று பெயர் வைத்ததால் பழி பெக்கத்துக்கு, பணம் கிளப்புக்கு.

இன்னொரு கோணல் எனக்கு இதைவிட உறுத்தும். 2008-ல் பார்சிலோனாவின் பொறுப்பை ஏற்ற பெப் கார்டியோலா அந்த மண்ணின் பிள்ளை, அவருக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது. அதே வேலைக்கு அயல்நாட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்தால் உண்டு. வாசலில் நிற்கிற விருந்தாளிக்குப் பந்தியில் முதல் இலை போடுவது சரி, வீட்டுப் பிள்ளையின் தட்டிலிருந்து எடுத்தா போடுவது? ஸ்பெயினுக்கே இது பிறகு உறைத்தது. 2010 முதல் புதிதாக வருபவர்களுக்கு 6 லட்சம் யூரோ வரைதான் சலுகை என்று வரம்பு வைத்தார்கள். 2015-லிருந்து தொழில்முறை விளையாட்டு வீரர்களுக்கு அதையும் நிறுத்திவிட்டார்கள். இத்தாலி மட்டும் இதிலிருந்து பாடம் படிக்காமல் 2019-ல் தன் பங்குக்கு ஒரு சலுகையைத் தொடங்கி, 2024 பிறந்ததும் விளையாட்டுக்காரர்களுக்கு அதை மூடியது.

தள்ளுபடி போனாலும் ஸ்பெயினில் ஒரு சந்து மிச்சம் இருந்தது. கிளப் தருவதில் 85 சதவீதமாவது சம்பளமாக இருக்க வேண்டும், 15 வரை இமேஜ் ரைட்ஸாக ஒரு கம்பெனிக்குப் போகலாம் என்பது அங்கத்திய விதி. அந்தக் கம்பெனி எந்த நாட்டில் இருக்கிறது, அதற்குப் பின்னால் இன்னொரு கம்பெனி இருக்கிறதா, அந்த வருமானத்தைக் கணக்கில் காட்டினார்களா என்பதில்தான் எல்லா வழக்கும் வந்தது. மொரீனியோ மீது 2011, 2012 ஆண்டுகளுக்காக 33 லட்சம் யூரோ ஏய்ப்புக் குற்றச்சாட்டு. 2019 பிப்ரவரியில் ஒப்புக்கொண்டு, சிறை செல்லத் தேவையில்லாத ஓராண்டுத் தண்டனையையும் சுமார் 22 லட்சம் அபராதத்தையும் ஏற்றார். ஆன்செலோட்டிக்கு 4 ஆண்டு 9 மாதம் சிறை கேட்டது அரசுத் தரப்பு. 2025 ஜூலையில் வந்த தீர்ப்பில் 2014-ஆம் ஆண்டுக்கு மட்டும் ஓராண்டும் சுமார் 3.86 லட்சம் யூரோ அபராதமும். 2015-க்கு விடுதலை. அந்த ஆண்டு நடுவிலேயே லண்டனுக்குக் குடிபோய்விட்டார், அங்கே வரி கட்டவேண்டிய குடியாளராகக் கருதத் தேவையான 183 நாள் ஸ்பெயினில் இருந்தார் என்று நிரூபிக்க முடியவில்லை. அந்த வகைத் தண்டனைக்கு, முதல் முறை சிக்கியவரை அங்கே பெரும்பாலும் உள்ளே அனுப்புவதில்லை. தீர்ப்பு வந்த அன்று அவர் பிரேசில் அணியின் கோச்.

அவர் காலி செய்துவிட்டுப் போன ரியல் மாட்ரிட் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் சாபி அலோன்சோ. அவர் மீதும் ஆட்டக்காரராக இருந்த காலத்து இமேஜ் ரைட்ஸ் வழக்கு இருந்தது, போர்ச்சுக்கலின் மடேரா தீவில் இருந்த கம்பெனி தொடர்பாக. சுற்றிலும் எல்லோரும் சமரசத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவர் தப்பு செய்யவில்லை என்று நின்று வழக்காடி 2019 நவம்பரில் விடுதலையானார். ஆக, "வரி வழக்கு இருந்தது" என்ற ஒரு வரியை வைத்து எந்த மேனேஜரையும் எடைபோட முடியாது. மொரீனியோவும் அலோன்சோவும் ஒரே மாதிரிக் கதவு வழியாக உள்ளே போனவர்கள், வெளியே வந்தது வேறு வேறு வாசல்.

பிரான்ஸ் வழி சுருக்கமானது, கொஞ்ச நாள்தான் இருந்தது. 2012 ஜனாதிபதித் தேர்தலில் வென்ற பிரான்சுவா ஒலாந்த், பிரசாரத்தின்போது 10 லட்சம் யூரோவுக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 75 சதவீத வரி என்று வாக்குக் கொடுத்தார். ஆன்செலோட்டி அப்போது பாரிஸ் சான் ஜெர்மன் கிளப்பில் இருந்தார். அந்த டிசம்பரில் அரசியல் சாசன மன்றம் அதைத் தூக்கி எறிந்தது. உடனே ஒலாந்த் அரசு வரியை ஆளிடமிருந்து எடுத்து முதலாளியின் தலையில் வைத்தது. 2013, 2014 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கு, ஒருவருடைய சம்பளத்தில் 10 லட்சத்துக்கு மேலான பகுதியில் 50 சதவீதத்தைச் சம்பளம் கொடுப்பவர் கட்ட வேண்டும், ஆனால் மொத்த வரவில் 5 சதவீதத்தைத் தாண்டாமல். நம் கணக்கில் 1 கோடியே 9 லட்சத்துக்குக் கிளப் இன்னும் 50 லட்சத்தை எடுத்து வைக்க வேண்டும். கிளப்புகள் கொதித்தன. 2013 நவம்பர் கடைசியில் ஒரு வார இறுதி முழுக்க ஆட்டமே கிடையாது என்று வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டு, பிறகு பின்வாங்கின.

இந்த வரியிடம் எனக்கு ரகசியமாக ஒரு பிரியம் உண்டு. சட்டத்திலேயே உண்மையைப் பேசியது அது ஒன்றுதான்: கட்டப்போவது கிளப், எனவே கிளப்பிடமே கேட்கிறோம். ஆனால் நடைமுறையில் மொனாக்கோ அதைக் கோமாளித்தனமாக்கிவிட்டது. அந்தக் கிளப் விளையாடுவது பிரெஞ்சு லீக்கில், அலுவலகம் இருப்பது மொனாக்கோ சிற்றரசில். அங்கே இந்த வரி கிடையாது. வரி அமலான அதே 2013-ல் முதல் டிவிஷனுக்குத் திரும்பி வந்து, நட்சத்திர ஆட்டக்காரர் ராதமெல் ஃபால்காவோவை வாங்கிக் காட்டினார்கள். ஒரே மைதானத்தில் ஆடும் இரண்டு அணிகளில் ஒன்றுக்கு மட்டும் காலில் குண்டைக் கட்டியது போல. இரண்டு ஆண்டில் வரி முடிந்தது, அதன் அருமை பெருமை பேச இப்போது ஆளில்லை.

இங்கிலாந்துக்கு வருவோம். சம்பளத்திலேயே மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள், நம் டிடிஎஸ் மாதிரி. 1,25,140 பவுண்டுக்கு மேலே போனால் 45 சதவீதம், அதோடு தேசியக் காப்பீடு 2. வங்கி மேலாளருக்கும் அதேதான், கால்பந்து மேனேஜருக்கும் அதேதான். அங்கே சம்பளத்தை மொத்தத் தொகையாகத்தான் பேசுவதும் வழக்கம், அதனால் வரி உயர்ந்தால் வலி அந்த ஆளுக்கே தெரியும். ஆன்செலோட்டி லண்டனின் செல்சி கிளப்பில் இருந்தபோதே, 2010 ஏப்ரலில், உச்ச விகிதத்தை 50 ஆக்கினார்கள். இனி நல்ல மேனேஜர்கள் வரமாட்டார்கள் என்ற ஒப்பாரி அப்போதும் கேட்டது. அந்த மே மாதம் செல்சி லீக்கையும் எஃப்.ஏ. கோப்பையையும் சேர்த்தே வென்றது. 50 சதவீதக் காலம் 2013 வரை ஓடியது, மான்செஸ்டர் யுனைடெட்டின் அலெக்ஸ் ஃபெர்குசனும் ஆர்சனலின் ஆர்சென் வெங்கரும் எங்கேயும் ஓடிவிடவில்லை.

அதற்காக இங்கிலாந்து புண்ணிய பூமி என்று சொல்லமாட்டேன். இமேஜ் ரைட்ஸ் சந்து அங்கேயும் உண்டு. அந்தப் பணம் சொந்தக் கம்பெனிக்குப் போனால் 45-க்குப் பதில் கம்பெனி வரி 25. 2025 நவம்பர் பட்ஜெட்டில் இதற்கு மூடு விழா அறிவித்தார்கள். 2027 ஏப்ரல் முதல் வேலை தொடர்பான இமேஜ் ரைட்ஸ் பணமும் சம்பளமாகவே கருதப்படும்.

அதைவிடப் பெரிய கறை போர்ட்ஸ்மவுத் கிளப். 2010 பிப்ரவரியில், இங்கிலாந்தின் முதல் தர லீக்கான பிரீமியர் லீக்கில் இருக்கும்போதே திவாலாகி நிர்வாகியின் கைக்குப் போன முதல் கிளப் அது. கால்பந்து உலகத்தில் ஒரு உள்விதி உண்டு: கிளப் மூழ்கினாலும் ஆட்டக்காரர்கள், பிற கிளப்புகளின் பாக்கியை முழுசாகத் தீர்க்க வேண்டும். மற்றவர்களுக்கு மிச்சம் மீதி. அந்த மற்றவர்களில் வரித்துறையும் இருந்தது, ஆட்ட நாளில் முதலுதவிக்கு நிற்கும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் இருந்தது. அவர்களுக்குப் பாக்கியில் பவுண்டுக்கு 20 பென்ஸ், அதாவது ஐந்தில் ஒரு பங்கு என்று பேசி முடித்தார்கள். வரித்துறை நீதிமன்றத்துக்குப் போய்த் தோற்றது. ஊழியர் சம்பளத்தில் பிடித்து வைத்த வரியையே கட்டாமல் கிளப் ஆடியது என்றால், அந்த அணியின் சம்பளத்தில் ஒரு பங்கை ஊர் முழுவதும் சேர்ந்து கொடுத்திருக்கிறது என்று அர்த்தம். 2020 டிசம்பரிலிருந்துதான் ஊழியரிடம் பிடித்த வரிக்கு வரிசையில் முன்னால் இடம் கொடுத்தார்கள்.

போர்ட்ஸ்மவுத் என்றதும் ஹாரி ரெட்நாப் வந்தாக வேண்டும். 2008-ல் மேனேஜராக அந்தக் கிளப்புக்கு எஃப்.ஏ. கோப்பையை வாங்கித் தந்தவர். அக்டோபரில் லண்டனின் டாட்டன்ஹம் கிளப்புக்குத் தாவினார், தாவிய இரண்டாம் நாள் போர்ட்ஸ்மவுத் நகரத்தின் கௌரவ விருதை வாங்க மேடையேறி, கூட்டத்தில் ஒரு பகுதியிடம் கூச்சலையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். பிறகு வரி வழக்கு. போர்ட்ஸ்மவுத் கிளப்பின் முந்தைய முதலாளி மிலன் மண்டாரிச் அவருக்கு மொனாக்கோ வங்கிக் கணக்கில் போட்ட 2,95,000 டாலர் போனஸா, நண்பர் கொடுத்த பணமா என்பது கேள்வி. கணக்கின் பெயர் ரோசி47. ரோசி அவருடைய நாய், 47 அவர் பிறந்த வருடம். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, எழுத்து இரண்டு வயதுக் குழந்தையின் எழுத்து மாதிரி இருக்கும் என்று சொன்னார். 2012 பிப்ரவரி 8-ஆம் தேதி ஜூரி இருவரையும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. அன்று மாலையே இங்கிலாந்து மேனேஜர் ஃபேபியோ கப்பெல்லோ ராஜினாமா. காலையில் குற்றவாளிக் கூண்டில் இருந்தவர் ராத்திரிக்குள் நாட்டின் அடுத்த மேனேஜர் என்று எல்லோர் வாயிலும் இருந்தார். மூன்று நாள் கழித்து டாட்டன்ஹம் 5-0 என்று நியூகாசிலை அடித்தது. எங்களை விட்டுப் போகாதே ஹாரி என்று மைதானம் பாடியது.

ஜூரி சொன்ன பிறகு அவர் குற்றமற்றவர்தான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. நான் சொல்லவருவது பாட்டைப் பற்றி. டாட்டன்ஹம் அப்போது மூன்றாம் இடத்தில் இருந்தது. பதினேழாம் இடத்தில் இருந்திருந்தால் அந்த நாயின் பெயரை வைத்து வேறு பாட்டு வந்திருக்கும், சொந்த மைதானத்திலேயே.

குற்றம் நிரூபணமானாலும் இதே கதைதான். ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் கிளப்பை முப்பது ஆண்டு பொது மேலாளராகவும் (கோச் இல்லை) பிறகு தலைவராகவும் ஆண்ட ஊலி ஹோனஸ் 2014 மார்ச்சில் 2 கோடியே 85 லட்சம் யூரோ வரி ஏய்ப்புக்காக மூன்றரை ஆண்டு தண்டனை வாங்கினார். சுவிஸ் கணக்கு, மறுக்க முடியாத ஆதாரம். அதற்கு முந்தைய நவம்பரில், விசாரணைக்கு நாள் குறித்தாகிவிட்ட நிலையில், உறுப்பினர் கூட்டத்தில் எழுந்து நின்று கைதட்டினார்கள், மனிதர் மேடையிலேயே அழுதுவிட்டார். சிறையிலிருந்து வந்து 2016 நவம்பரில் மறுபடி நின்றார், மிகப் பெரிய பெரும்பான்மையோடு தலைவரானார். அப்போது பயர்னின் கோச் யார் தெரியுமா? ஆன்செலோட்டிதான்.

எங்கள் வாட்ஸாப் குழுவில் இதைச் சோதித்துப் பார்த்தேன். குழுவில் பதினொரு பேர், எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள், மார்ச் மாதம் வந்தால் எல்லோர் முகமும் ஒரே மாதிரி ஆகிவிடும். முதலில் பெயர் சொல்லாமல் மூன்று வழியையும் எழுதி எது நியாயம் என்று கேட்டேன். ஒன்பது பேர் எல்லோருக்கும் ஒரே வரி என்றார்கள். ஒருவன் கிளப்பிடம் வாங்கு என்றான். ஒருவன் வழக்கம் போல ஸ்டிக்கர் போட்டான். அடுத்த நாள் மொரீனியோ பெயரைப் போட்டுக் கேட்டேன். ரியல் மாட்ரிட் ரசிகர்கள் இரண்டு பேருக்கும் திடீரென்று ஸ்பெயின் வரித்துறை பார்சிலோனாவின் ஏவல்துறை ஆகிவிட்டது. டாட்டன்ஹம் ரசிகன் ஒருவன் இருக்கிறான், தண்டனையை ஏற்ற அதே 2019-ன் நவம்பரில் மொரீனியோவை எடுத்த கிளப் அவனுடையது. அவனிடம் கேட்டால், "வரியை விடு, அந்த ஆளு டிஃபென்ஸே ஆடிக்கிட்டிருந்தாரு, அதுக்கு எவன் அபராதம் போடுறது?" என்கிறான்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்: ஆளைப் பற்றி ரசிகனிடம் கேட்காதே, விதியைப் பற்றிக் கேள், அதையும் பெயர் வருவதற்கு முன்னால் கேள்.

அப்படிக் கேட்டால் என் ஓட்டு இங்கிலாந்து வழிக்கு, ஆனால் இமேஜ் ரைட்ஸ் சந்தை மூடிய பிறகு. ஸ்பெயின் தள்ளுபடியை நான் ஒதுக்குவதற்குக் காரணம் பணக்காரர் மேல் கோபம் இல்லை. வெளியூர் மேனேஜர் வேண்டும் என்றால் கிளப் தன் காசில் கூட்டிவரட்டும், அதற்கு ஊர்க்காசு எதற்கு? பிரான்ஸ் வழியைக் கொஞ்சம் தயக்கத்தோடு ஒதுக்குகிறேன். ஐரோப்பா முழுக்க எல்லா லீக்கும் ஒரே நாளில் அதைக் கொண்டுவந்தால் மனதை மாற்றிக்கொள்வேன், அது நடக்கிற காரியம் இல்லை.

இங்கிலாந்து வழிக்கும் விலை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஒருவர் கைக்கு 60 லட்சம் என்று அடம்பிடித்தால் 47 சதவீதத்தில் கிளப் 1 கோடியே 13 லட்சம் எடுத்து வைக்க வேண்டும். பெரிய கிளப் தாங்கும். நடு வரிசைக் கிளப் ஒன்று அடுத்த தர மேனேஜரோடு திருப்திப்பட வேண்டியிருக்கும், அதன் ரசிகன் என்னைத் திட்டுவான். அவனுக்கு என்னிடம் உள்ள பதில், வரியாகப் போகும் அந்த 53 லட்சத்தை அவன் தன் ஊர் பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் பார்க்கலாம், வலது பக்க மேல்வரிசை இருக்கையிலிருந்து பார்த்தால் தெரியாது என்பதுதான். திருப்தியான பதில் இல்லை என்று எனக்கே தெரியும்.

ஒரு பழக்கத்தை மட்டும் சிபாரிசு செய்கிறேன். அடுத்த முறை யாராவது ஒரு மேனேஜர் "கைக்கு இவ்வளவு" என்று ஒப்பந்தம் போட்டதாகச் செய்தி வந்தால், அந்த ஊர் வரி விகிதத்தைத் தேடி எடுத்து, கால்குலேட்டரில் ஒரு வகுத்தல் போட்டுப் பாருங்கள். குழுவில் அனுப்பும்போது கிளப்பின் பெயரைக் கடைசியில் எழுதுங்கள்.